சகாதேவன் பாதியில் திரும்பிய மலை

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று மூன்று போர்டு தொங்குகிற கடை சகாதேவனுடையது. அதை ஒட்டி, வெளியூர்க்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் வண்டி வாடகைக்கு விட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் பஞ்சர் ஒட்டுகிற கடை என்னுடையது. என் பெயர் கண்ணாயிரம். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் 'நூறு வயசு' சொல்லிவிடலாம். ஆகவே சகாதேவன் வீட்டு விஷயம் எதையும் நான் தேடிப் போய்க் கேட்டதே கிடையாது. தகரம் மெல்லிசு, அவ்வளவுதான்.

சகாதேவனுக்கு நாற்பத்தெட்டு வயசு. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். எட்டாவது வரைக்கும் அவனும் நானும் ஒரே பெஞ்சு. அதற்குமேல் அவன் ஒன்பதாவதுக்குப் போனான், நான் போகவில்லை. வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சலிப்பு வந்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அவன் கடையில் வந்து நிற்கிறவர்களைக் கேட்டால், பொறுமையான மனுஷன் என்பார்கள். அவன் மனைவி ஆதிலட்சுமியைக் கேட்டால் வேறு சொல்லுவாள்.

"பொறுமையா? பொம்ம கத்திய வெச்சிக்கினு இருவத்திமூணு வருஷமா சண்ட போடறாரே, அந்த மனுஷனுக்கா?"

அந்தப் பொம்மைக் கத்தியின் கதைதான் இது.

'வேல்டார்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பேரைக் கேட்டு முருகன் கதை என்று நினைத்துத்தான் முதல் நாள் நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மயிலும் வரவில்லை, வள்ளியும் வரவில்லை. அது ஒரு கற்பனை நாடு. மந்திரவாதிகள், நெருப்பு கக்குகிற பறக்கும் ராட்சசப் பல்லிகள், இடிந்த கோட்டைகள். நீங்கள் அதில் ஒரு வழிப்போக்கன். ஊர் ஊராக நடக்க வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், ஒரு கத்தி, ஒரு கேடயம் என்று சேர்த்துப் பெரிய வீரனாக வேண்டும். முடிக்க நூறு மணி நேரம் ஆகும். அப்படி ஐந்து பாகம் வந்திருக்கிறது. ஐந்தையும் பற்றி சகாதேவனுக்கு அபிப்பிராயம் உண்டு. கேட்டாலும் சொல்லுவான், கேட்காவிட்டால் இன்னும் ஜாஸ்தி சொல்லுவான்.

முதல் பாகம் அவனிடம் வந்தது இரண்டாயிரத்து இரண்டில். அப்போது அவன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஆசிரமத்துக்கு வந்து மூன்று மாதம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர், 'எனக்கு இனி ஆசைகள் வேண்டாம்' என்று சொல்லி அந்த சி.டி.யை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் விட்ட ஆசை இவனைப் பிடித்துக்கொண்டது.

முதல் பாகத்தில் ஓர் இடத்தில் ஒரு மலை வரும். அடிவாரத்தில் இடிந்த ஒரு கோயில். கிரிவலம் போய்ப் பழகிய நம் ஊர்க்காரனுக்கு மலையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சகாதேவன் அந்த வீரனின் காலில் இருந்த பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தான். வைத்துவிட்டு, மலையை இடமிருந்து வலமாக, ஓடாமல், நடந்தே சுற்ற ஆரம்பித்தான்.

"எதுக்குடா கழட்டற?" என்றேன்.

"மலையச் சுத்தப் போறேன்."

"இது பொம்ம மலைடா."

"அதுக்குன்னு செருப்போடவா போறது?"

முள் குத்தி, ஓநாய் கடித்து, பாதி உயிரோடு சுற்றி முடித்து வந்தான். சாமி வரவில்லை, வரமும் வரவில்லை. ஆனால் கழற்றி வைத்த பூட்ஸ், வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே கிடந்தது. சகாதேவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"செருப்பு அங்கயே கீதுடா கண்ணாயிரம். நம்மூரு கோயில் வாசல்லகூட இப்பிடி இருக்காது."

அன்றைக்கு விழுந்தவன்தான்.

நிஜ மலையையும் அவன் விடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் என் கடை வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்புவான். பௌர்ணமிக் கூட்டம் அவனுக்கு ஆகாது. அவன் மகள் சிந்துஜா அப்போது ஆறு வயசுக் குழந்தை. பதினாலு கிலோமீட்டர் நடக்க முடியாது, ஆனால் வீட்டிலும் இருக்க மாட்டாள். அழுது அடம் பிடித்து அப்பாவோடு என் கடை வரைக்கும் வந்துவிடுவாள்.

"பாப்பா, நீ அப்பா செருப்பப் பாத்துக்க. அதுவும் வேலதான்" என்பான் அவன்.

அவள் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டாள். என் கடையில் படுக்கப் போட்டிருந்த லாரி டயர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் அந்த இரண்டு ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறுங்காலோடு ரோட்டில் யார் வந்தாலும் சட்டென்று எழுந்து நிற்பாள். அப்பா இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவாள். எழுவாள், உட்காருவாள். அந்த ரோட்டில் எத்தனை வெறுங்கால்!

"ஏம்மா, அந்த அறுந்துபோன செருப்ப எவன்டி எடுக்கப் போறான்? வந்து இட்லி தின்னு" என்பேன்.

"நான் சாப்பிடும்போது எடுத்துட்டா? நீங்க குடுப்பீங்களா மாமா?"

ஒன்பது மணி வாக்கில் அவன் டவுன் பக்கமிருந்து வந்து சேருவான். அவள் டயரிலிருந்து குதித்து, செருப்பை எடுத்து நேராக வைத்து, அவனிடம் ஏதோ சொல்லுவாள். அவன் குனிந்து கேட்டுவிட்டுச் சிரிப்பான். அது அவர்களுக்குள் உள்ள பேச்சு. என்ன என்று நான் இரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேருமே சொன்னதில்லை. இந்த ரோட்டில் எனக்குத் தெரியாமல் இருக்கிற ஒரே விஷயம் அதுதான்.

மத்தியானம் சென்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் அப்பாவும் மகளும் வேல்டாருக்குப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டரில் சொருகாத ஒரு கீபோர்டை மடியில் வைத்து அவள் தட்டிக்கொண்டிருப்பாள். தான்தான் விளையாடுகிறேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். தெரிந்த பிறகும் தட்டினாள்.

இரண்டாம் பாகம் வந்தது. சகாதேவனின் கணக்கில் அதுதான் உச்சம்.

"அதுல ராத்திரியானா கட மூடிட்டுத் தூங்கப் போவான்டா கடக்காரன். கிணத்தடியில ஒரு பொம்பள நிப்பா. மூணு தடவ சும்மா போனா, 'ஏய்யா, தண்ணி வேணுமா, இல்ல என்னப் பாக்க வர்றியா'ன்னு திட்டுவா. உயிர் இருந்துச்சு."

"அப்ப அவளப் பாக்கத்தான் தெனம் போறீங்களா?" என்று உள்ளேயிருந்து ஆதிலட்சுமி கேட்டாள்.

மூன்றாம் பாகத்தில் குதிரை வந்தது. நாடு பத்து மடங்கு பெரிசு. புல் ஆடும், மழை பெய்யும், பார்க்க வால்பேப்பர் மாதிரி இருக்கும். ஆனால் ஊரில் இருக்கிற நூறு பேரும் ஒரே வசனத்தைச் சொல்லுவார்கள். அங்கேயும் ஒரு மலையைக் கண்டுபிடித்து இவன் பூட்ஸைக் கழற்றி வைத்தான். சுற்றி வந்து பார்த்தால் காணோம். யாரும் திருடவில்லை. கொஞ்ச தூரம் போய்விட்டால் கீழே போட்டதை அந்த விளையாட்டே அழித்துவிடுமாம்.

"ஏன்டா அழிக்கணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான், ஏதோ நான் அழித்த மாதிரி. "எடம் இல்லியாம். பத்து மடங்கு நாடு, ரெண்டு செருப்பு வெக்க எடம் இல்லியாம்!"

நாலாம் பாகத்தில் பூட்ஸைக் கழற்றவே முடியாது. காலோடு ஒட்டிக்கொண்டு பிறந்த மாதிரி. போகிற வழியை ஆட்களிடம் கேட்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே ஓர் அம்புக்குறி காட்டும். பேச விஷயம் உள்ள ஆள் என்றால் அவன் தலைக்கு மேலே மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். குறி இல்லாதவன் வெறும் பொம்மை. அவனோடு பேசினாலும் இருமுவான், அவ்வளவுதான்.

"மொத பாகத்துல வழி கேட்டா, 'பட்ட மரத்த பீச்சாங்கைப் பக்கம் விட்டுட்டுப் போ'ன்னு சொல்லுவான். நாம மரத்தத் தேடணும். தேடறப்போ நாலு பேரப் பாப்போம். இப்ப அம்பு போற எடத்துக்குப் போ, குறி இருக்கறவன்கிட்ட பேசு, வா. இதுக்கு டெலிவரி வேலைக்கே போலாம்" என்றான்.

இப்படிக் குறை சொல்லிக்கொண்டே நாலாவதையும் மூன்று தடவை முடித்தான். அதையும் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் சிந்துஜா வளர்ந்தாள். இன்ஜினியரிங் முடித்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனிகள் கொடுக்கிற மரம், வீடு, பாறை, தெரு இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்து அனுப்புகிற கம்பெனி. என்ன விளையாட்டு என்று மட்டும் அவள் சொல்ல மாட்டாள். சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். எனக்கே சொல்லவில்லை என்றால் பாருங்கள்.

போன வருஷம் தீபாவளிக்கு வந்தவள் அப்பாவுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, வேல்டார் அஞ்சாவது பாகம் வரப்போகுது."

"வரட்டும். பதினோரு வருஷம் கழிச்சு வர்றான். எப்பிடி கெடுத்து வெச்சிருக்கானோ."

"கெடுத்திருந்தாலும் முழுசா ஆடுங்க. பாதியில மட்டும் விட்டுடாதீங்க."

"நான் என்னிக்கி பாதியில விட்டிருக்கேன்?"

"அதான். நீங்க விடமாட்டீங்க."

அப்போது அந்தக் குரலில் என்னவோ இருந்தது. காது கேட்டது, புத்திக்குத்தான் எட்டவில்லை.

ஆடி மாதம் ஐந்தாம் பாகம் வந்தது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு சகாதேவன் உட்கார்ந்தான். தினமும் சாயந்திரம் சிந்துஜாவிடமிருந்து போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவான்.

"எந்த ஊர்லப்பா இருக்கீங்க?"

"தொறமுகத்துல. ஒரே அம்பு. கண்ணுக்குள்ள குத்துது."

"வடகிழக்கு மூலையில போய்ப் பாத்தீங்களா?"

"அங்க அம்பு ஒண்ணும் காட்டலியே."

"அம்பு காட்டாட்டி போகமாட்டீங்களாப்பா?" என்று சிரித்தாள். இவனும் சிரித்தான்.

ஐந்தாம் நாள் வடகிழக்கு மூலைக்குப் போனான். பக்கத்தில் நானும் இருந்தேன், அதனால் இதை நான் சொல்லலாம். சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் தனியாக ஒரு மலை. நம் மலையா என்றால் நம் மலை இல்லை, ஆனால் முதுகு இப்படித்தான் சாய்ந்திருந்தது. அடிவாரத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே குறி கிடையாது. சகாதேவன் அதைத் தாண்டிப் போனான். பூட்ஸைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. அந்தப் பட்டன், இந்தப் பட்டன், வரவேயில்லை.

"மலைய வெச்சிட்டான், செருப்பக் கழட்ட விடமாட்டேங்கறான்" என்று பல்லைக் கடித்தான். இருந்தாலும் சுற்றக் கிளம்பினான். வழியெல்லாம் ஒன்றும் இல்லை. ஓநாய் இல்லை, புதையல் இல்லை, ஆள் இல்லை. வெறும் மண் பாதை, கொஞ்சம் குரங்கு. பாதி மலை சுற்றியிருப்பான். நம் கிரிவலத்தில் அடி அண்ணாமலை வந்த மாதிரி, மலையின் முதுகுப் பக்கம். அங்கே நின்றான்.

"எதுக்குடா இது? செருப்போட, ஒண்ணுமே இல்லாத மலைய..." என்று சொல்லி, வந்த வழியே திரும்பினான்.

இந்த ஊரில் பிறந்தவன் எவனும் அதைச் செய்ய மாட்டான். கால் கொப்பளித்தாலும், மழை ஊற்றினாலும், கிளம்பினால் சுற்றி முடித்துத்தான் வர வேண்டும். வந்த வழியே திரும்புவது கிடையாது. "டேய், பாதியில திரும்பற" என்றேன் நான். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"இது பொம்ம மலைடா" என்றான் அவன்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அவனுக்கு ஞாபகம் இல்லை.

அடிவாரத்துக்கு வந்தபோது அந்தப் பெண் சட்டென்று எழுந்து நின்றது. இவனைப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டது. இவன் தாண்டிப் போனான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாய் சும்மா இருக்காத நான் ஒரு யோசனை சொன்னேன். "இதெல்லாம் எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? யூடியூப்ல பேசு. நான் புடிக்கிறேன்." என் போனில்தான் எடுத்தேன். பதினாறு நிமிஷம். ஐந்து பாகத்தின் கதையையும் அவன் சொன்னான். கடைக்காரன் தூங்கினது, கிணற்றடிப் பெண், காணாமல்போன செருப்பு. நான் கைதட்டிச் சிரித்த சத்தம்கூட அதில் விழுந்திருக்கிறது. கடைசியில் அந்த மலையைத் திரையில் காட்டினான்.

"இங்க பாருங்க. ஒரு மல. சுத்திப் போனா ஒண்ணுமில்ல. இங்க ஒரு பாப்பா, தலமேல குறி இல்ல, வெறும் பொம்ம. பாருங்க, எழுந்திரிக்கிது, உக்காருது. கோளாறு. இதச் சரி பண்ணக்கூட ஆள் இல்ல. நான் சொல்றேன், எழுதி வெச்சிக்குங்க. இதச் செஞ்சவனுக்கு மலைன்னா இன்னான்னு தெரியாது. ஒரு தடவயாச்சும் செருப்பக் கழட்டிட்டு ஒரு மலையச் சுத்தி வந்திருந்தா, இப்பிடி ஒரு மலையச் செஞ்சிருக்கமாட்டான்."

பத்து நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். டீக்கடையில் சகாதேவனை 'வேல்டார் அண்ணே' என்றார்கள். கீழ்பென்னாத்தூரில் அவன் பங்காளிகள் வாட்ஸப்பில் வைத்தார்கள். நான் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினேன். தெரியாதவர்களுக்கும் அனுப்பினேன்.

சிந்துஜாவின் சாயந்திர போன் மட்டும் நின்றுபோனது.

"வேல ஜாஸ்தியாம்" என்றாள் ஆதிலட்சுமி. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள். எப்போதும் நின்று நாலு வார்த்தை பேசுகிறவள், அன்றைக்கு உடனே உள்ளே போய்விட்டாள்.

ஆவணி பிறந்து சில நாள் இருக்கும். வண்டி வாடகைக்கு எடுக்க வந்த ஒருவருக்கு, எங்கள் பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா என்று அந்த வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது தடவையோ. அவர் என் போனை வாங்கி, திரையை விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

"இந்தக் குழந்தை ஏன் வண்டிச் சக்கரத்து மேல உக்காந்திருக்கு?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். தரையில் படுக்கப் போட்ட ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். அதன்மேல் அந்தப் பெண். ஒரு காலை மடித்து, முழங்காலில் மோவாய். சக்கரத்துக்குக் கீழே, புல்லில், இரண்டு செருப்பு வைக்கிற அளவுக்குச் சுத்தம் செய்த மண். திரும்பி வந்த வீரனைப் பார்த்து எழுகிறாள். உட்காருகிறாள்.

அந்த ஆளுக்கு வண்டிகூடக் கொடுக்கவில்லை. தகரத்தைச் சுற்றிப் போனேன். சகாதேவன் யாருக்கோ ஆதார் கார்டு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தான்.

"இதப் பாரு."

"ஆயிரம் தடவ பாத்ததுதானே."

"அந்தப் பொண்ணு எதுமேல உக்காந்திருக்குது பாரு."

பார்த்தான். மிஷினுக்குள் போன கார்டு வெளியே வந்து கீழே விழுந்தது, அவன் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தான். எழுகிறாள், உட்காருகிறாள். எழுகிறாள், உட்காருகிறாள்.

"ஆதி..." என்று வீட்டுப் பக்கம் கூப்பிட்டான். அவள் வந்தாள். அவன் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்பதான் தெரிஞ்சிதா?" என்றாள். "எனக்கே வீடியோ வந்தப்புறம்தான் சொன்னா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. அந்த மல அவ செஞ்சது. ஒண்ணர வருஷம். யாரும் வராத மூல, இன்னா வேணா வெச்சிக்கன்னு குடுத்தாங்களாம். அங்க வந்து சேந்து, திரும்பாம நடந்தே முழுசா சுத்திட்டு வர்றவங்களுக்கு அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுமாம். செருப்பும் காலவிட்டு எறங்குமாம். அந்த ஒரு எடத்துல மட்டும். அப்பா ஒருத்தராச்சும் சுத்தி வருவாருன்னு சொன்னா."

அப்போதும் அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவன் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். லேமினேஷனுக்கு நின்ற ஆளை நான்தான் நாளைக்கு வரச் சொன்னேன். வேல்டார் திறந்தது. 'புதிய மாற்றங்கள் சேர்க்கப்பட்டன' என்று இங்கிலீஷில் ஏதோ வந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் அதுவாகவே மாற்றிக்கொண்டதாம். இவன் படிக்கவில்லை. குதிரையில் ஏறி வடகிழக்கு மூலைக்கு ஓடினான். ஊர் எல்லையில் குதிரையை விட்டுவிட்டு நடந்தான்.

மலை இருந்தது. முதுகு அதே சாய்வு. ஆனால் இவன் தலைக்கு மேலே இப்போது அம்பு காட்டியது, நேராக அடிவாரத்துக்கு. அங்கே கூடாரம் போட்டு ஒரு வியாபாரி நின்றான். அவன் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. முன்னால் வரிசையாகப் புதுப் பூட்ஸ் ஜோடிகள்.

'வாங்க வீரரே, தூரத்துப் பயணத்துக்கு நல்ல காலணி வந்திருக்கு' என்று இங்கிலீஷில் சொன்னான்.

சக்கரம் இல்லை. பெண் இல்லை.

சகாதேவன் அந்த மலையைச் சுற்றினான். முழுசாக, இடமிருந்து வலமாக, ஓடாமல். நாற்பது நிமிஷம் ஆனது. நானும் ஆதிலட்சுமியும் பின்னால் நின்றுகொண்டே இருந்தோம். சுற்றி முடித்து அடிவாரத்துக்கு வந்தான். காலில் பூட்ஸ் அப்படியே இருந்தது.

'வாங்க வீரரே' என்றான் வியாபாரி.

பிறகு அவளுக்குப் போன் போட்டான். வேண்டுமென்று ஸ்பீக்கரில் போடவில்லை, பழக்கத்தில் போட்டுவிட்டான்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா." ஆபீஸ் சத்தம் பின்னால் கேட்டது.

"அந்த மல..."

அவளே முந்திக்கொண்டாள்: "பரவால்லப்பா. தூக்கிட்டாங்க. அந்த வீடியோ மேலிடம் வரைக்கும் போச்சு. 'அந்த மலையில ஒண்ணுமில்ல, குழந்தை கோளாறா எழுந்து எழுந்து உக்காருது'ன்னு நெறைய பேர் எழுதினாங்க. நீங்க சொன்னதத்தான் எழுதினாங்க."

"நீ சொல்லியிருக்கலாமே, அது கோளாறு இல்லன்னு."

"எப்பிடிப்பா சொல்றது? டீம்ல எல்லாரும் சேந்து பெரிய திரையில போட்டுப் பாத்தாங்க. நல்லா சிரிச்சாங்க. நீங்க நல்லாதான் பேசியிருக்கீங்க, கிணத்தடிப் பொம்பள கதையெல்லாம். நானும் சிரிச்சேன். எங்கப்பான்னு சொல்லல."

சகாதேவன் போனை இன்னொரு கைக்கு மாற்றினான்.

"எல்லாரும் தாண்டிப் போவாங்கன்னு தெரியும்ப்பா," என்றாள் அவள். "குறி வெக்காம விட்டதே அதுக்குத்தான். குறி இல்லாதவங்ககிட்ட நீங்க பேசுவீங்கன்னு நெனச்சேன். அதக்கூட விடுங்க. பாதியில திரும்புவீங்கன்னு மட்டும் நான் நெனைக்கவே இல்ல."

"சுத்தி வந்திருந்தா அது இன்னாம்மா சொல்லியிருக்கும்?"

அவனே மறுபடி கேட்டான்.

"டயர்லருந்து குதிச்சு வந்து எங்கிட்ட சொல்லுவியே, அதுவா?"

"என்ன சொல்லுவேன், சொல்லுங்க?"

சகாதேவன் வாயைத் திறந்தான். மூடினான். தலையைத் தடவினான். என்னைப் பார்த்தான், ஆதிலட்சுமியைப் பார்த்தான். நாங்கள் என்ன செய்வோம்? அது எங்களுக்குத் தெரியாத பேச்சு.

"ஞாபகம்... இரு, வருது..." என்றான்.

அவள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள், நான் சாட்சி. ரோட்டில் இரண்டு பஸ் போனது.

"விடுங்கப்பா. மீட்டிங் கூப்பிடறாங்க. இப்ப என்னைப் புல்லு செய்யற வேலையில போட்டிருக்காங்க. சாப்பிட்டீங்களா? வெக்கிறேன்."

வீடியோவை அன்றைக்கே அழித்தான். நாற்பதாயிரம் பேர் பார்த்ததை எப்படி அழிப்பது? பங்காளிகள் போனில் இன்னும் சுற்றுகிறது.

ஆயுத பூஜைக்கு அவள் வந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், சிரித்தாள், கடைக்குப் புது போர்டு வரைந்து கொடுத்தாள். வேல்டார் பேச்சை அவள் எடுக்கவில்லை, இவனும் எடுக்கவில்லை. என் கடைக்கு வந்து, "மாமா, அந்த லாரி டயர் எங்க?" என்றாள். அது எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போய்விட்டது. பின்னால் கிடக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் போய்ப் பார்க்கவில்லை.

இப்போதும் மத்தியானத்தில் சகாதேவன் கடையைச் சாத்திக்கொண்டு உட்காருகிறான். ஐந்தாம் பாகம்தான். கத்தி எடுப்பதில்லை, கோட்டை பிடிப்பதில்லை. ஊர் ஊராகப் போய், தலைக்கு மேல் குறி இல்லாத ஆட்களாகத் தேடித் தேடிப் பேசுகிறான். மீன் கழுவுகிறவன், கதவோரம் நிற்கிற கிழவன், படியில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பட்டனை அழுத்துகிறான். இருமுகிறார்கள். நல்ல நாள் என்கிறார்கள். மறுபடி அழுத்துகிறான். மறுபடி இருமுகிறார்கள்.

"இன்னாடா தேடற?" என்று நேற்று தகரத்துக்கு மேலே எட்டிக் கேட்டேன்.

"வேற எங்கியாச்சும் மாத்தி உக்கார வெச்சிருப்பாங்க இல்ல?" என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவ்ளோ பெரிய நாடு. ஒரு சின்ன பொண்ணு உக்கார எடம் இல்லாமயா போயிரும்?"

தகரத்தைச் சுற்றிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.